பின்சுவரில் ஒரு புள்ளி

குறிச்சி சிட்கோ, மூன்றாம் சந்து.
அலுமினியக் கூடு கடைகிறோம், கட்டைவிரல் நீளம்.
அதற்குள் லேசர் உட்காரும்.
எண்ணூற்று ஐம்பது நானோமீட்டர்:
எரிந்துகொண்டிருந்தாலும்
அணைந்த மாதிரியேதான் இருக்கும்.

என் பங்குக்கு இரண்டு திருகாணி.
ஒன்று மேலும் கீழும், ஒன்று இடமும் வலமும்.
ஒரு சொடுக்குக்கு, நூறு மீட்டருக்கு அந்தாண்டை,
புள்ளி ஒரு சென்டிமீட்டர் நகரவேண்டும்.
ஒன்றேகால் நகர்ந்தால் பெட்டியோடு திரும்பி வரும்.
மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவதும் நான்தான்:
'ஒளியை நேராகப் பார்க்காதீர்.'
தெரியாததை எப்படிங் பார்க்காம இருக்கறது என்றேன்.
"ஒட்டு அம்மிணி" என்றார் முதலாளி சென்னியப்பன்.

அவரிடம் இரண்டு அனுமதிச் சீட்டு இருந்தது,
அவர் சம்சாரத்துக்குக் கால்வலி.
அதனால் நான் போனேன்.
அவிநாசி ரோட்டில், வாசல் காவலாளியிடம்,
"நாளை மாநாடுங்களா?"
"இல்லைங், இன்னைக்குத்தான்."
உள்ளே போனபிறகுதான் பார்த்தேன்
மாநாட்டின் பேரே 'நாளை.'

ஐந்து முகம் குத்துவிளக்கு ஏற்றினார்கள்.
ட்ரோன் பேசினார்கள், எல்லை பேசினார்கள்,
இனி இருட்டு என்று ஒன்று கிடையாது என்று
டை கட்டியவர் ஒருவர் மூன்று தடவை சொன்னார்.
பிறகு செயல்விளக்கத்துக்காக
எல்லா விளக்கையும் அணைத்தார்கள்.
குத்துவிளக்கு மட்டும் மிச்சம்.
கண்ணாடியில் அது கூசுகிறதாம்.
பட்டுச்சேலைக்காரம்மா ஒருத்தர்
ஊதக் கூடாதென்று பூவால் அமுக்கி
ஒவ்வொரு முகமாக மலையேற்றினார்.

இருபது கண்ணாடி. முன்வரிசைக்கு மட்டும்.
மேடையிலிருந்து எங்கள் தலைக்கு மேலே
பின்சுவர் பலகையைக் குறி வைக்கிறார்களாம்.
முன்வரிசை "அடடா" என்றது.
எங்களுக்கு அந்த அடடா மட்டும்.

பட்டறையில் சோதிக்க ஒரு வழி உண்டு.
மலிவுப் போனின் முன்கேமராவுக்கு
நமக்கில்லாத கண் ஒன்று இருக்கிறது.
டிவி ரிமோட்டை நீட்டிப் பாருங்கள், ஊதாவாய் மினுக்கும்.
செல்ஃபி எடுப்பவள் மாதிரி போனைத் தூக்கினேன்.
திரையில் கரிக்கட்டையாய் என் முகம்,
தோளுக்குப் பின்னால், தூரத்தில், பலகைமேல்
ஊதாப் பொட்டு.
என் திருகாணி. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது பொட்டு பலகையை விட்டு இறங்கியது.

டீ கேனோடு ஒருவர் சுவரோரம் தடவித் தடவி வந்தார்.
பொட்டு அவர் சட்டைப் பையில் உட்கார்ந்தது.
அவர் நின்றால் நின்றது, நகர்ந்தால் நகர்ந்தது,
கழுத்துக்கு ஏறியது, காதைத் தொட்டது,
அத்தனை துல்லியம், ஒரு சொடுக்கு பிசகவில்லை.
முன்வரிசை சிரித்தது.
எல்லாரும் சிரிக்கிறார்களே என்று
இருட்டில் அவரும் சிரித்தார்.
கண்ணை மூடுங் என்று கத்தியிருக்கலாம்.
மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான்தானே.
தொண்டை வரைக்கும் வந்தது,
வந்து அங்கேயே நின்றுவிட்டது.

வெளிச்சம் வந்தது. கைதட்டினார்கள்.
நானும் தட்டினேனா என்று நிச்சயமில்லை,
கையில் போன் இருந்தது.

இடைவேளையில் அவரிடமே டீ வாங்கினேன்.
சட்டையில் பேர்ச்சீட்டு: ராக்கியப்பன்.
பைக்குள் ஒரு பீடிக்கட்டு, ஒரு பேருந்துச் சீட்டு.
வலது கண்ணை ஒரு தடவை கசக்கினார்.
தூக்கமாக இருக்கும். தூசியாக இருக்கும்.
"ஏனுங் அம்மிணி, கரண்ட் போனப்ப
என்னத்துக்குச் சிரிச்சாங்க?"
"என்னமோ ஜோக்குங்ணா, எனக்கும் புரியல."
"சக்கரை பத்துதுங்ளா?"
பத்துது என்றேன்.

முதலாளி சந்தோசமாக வந்தார்.
இன்னும் நானூறு கூடு, தை பொறப்பதற்குள்.
காரில் ஏறும்போது கேட்டார்,
"போட்டோ எடுத்தியே, நல்லா வந்துச்சா?"
ஒன்றும் வரலைங், ஒரே இருட்டு.

போனில் பதினோரு நொடி இருக்கிறது.
பதினோராவது நொடியில் பொட்டு அவரை விட்டுவிட்டு
வரிசை வரிசையாய் நாற்காலிகளின் மேல்
முன்னால் வருகிறது,
என் பின்தலையை நெருங்குகையில்
வீடியோ முடிந்துவிடுகிறது.